பெல் அடித்தால் எழுந்திரு, வீரா!

பெல் அடித்தது.

செத்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள்.

ஒருவனைத் தவிர.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய புளி கோடவுன் இருக்கிறது. இப்போது அதற்குப் பெயர் 'நியான் சிட்டி'. ஒழுங்காக பஸ் வராத ஊருக்கு இன்டர்நெட் கேபிள் மட்டும் தவறாமல் வந்திருந்தது. உள்ளே ஏசி, இருட்டு, ரப்பர் தரை. கண்ணில் பெரிய கண்ணாடியும் மார்பில் ஒயர் பின்னிய ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு மலைக்காரர்கள் சிலர் வெறுங்காற்றில் ஓடுவார்கள். ஒளிவார்கள். சாவார்கள்.

வேலையே அதுதான்.

எங்கேயோ சோபாவில் சாய்ந்திருக்கிற ஒருவன் கண்ணாடிக்குள் பார்ப்பது வேறு. ஓயாமல் மழை பெய்யும் ராட்சச நகரம்... வானத்தை முட்டும் கட்டடங்கள்... நீல வெளிச்சத்தில் உயிருக்குப் பயந்து ஓடும் உருவங்கள். அவன் சுட்டால் இங்கே ஜாக்கெட்டில் சுருக்கென்று ஷாக் அடிக்கும். விழ வேண்டும். விழுந்தபின் பெல் அடிக்கிறவரை அசையக் கூடாது. அசைந்தால் அன்றைய கூலி போச்சு.

அதனால்தான் வீரன் அவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தபோது யாரும் கவலைப்படவில்லை. நன்றாக வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் மேஜையில் இருந்த நதியா எழுந்து வந்தாள். ஒடுகத்தூர்ப் பெண். யார் எந்தத் தெருவில் ஓட வேண்டும் என்று பட்டன் தட்டுவது அவள் வேலை.

"வீரண்ணா... எழுந்திரிங்க. சாப்பாட்டு பெல் அடிச்சாச்சு."

குனிந்து தோளைத் தட்டினாள்.

"அண்ணா, வெளையாடாதீங்க."

கண்ணாடியைக் கழற்றினாள்.

கண்கள் திறந்தே இருந்தன.

நதியாவின் அலறலில் சோற்றுப் பாத்திரத்தோடு வெளியே நின்றவர்கள் எல்லாரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

*

போலீஸ் ஜீப் மலையேறிக்கொண்டிருந்தது.

"ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டு, இருட்டறதுக்குள்ள எறங்கிடலாம் சார்." ஸ்டியரிங்கை ஒடித்தபடி சொன்னார் கான்ஸ்டபிள் சின்னராஜ். "ஓனரே போன்ல சொல்ட்டாரு."

"ஓனரு டாக்டரா?"

"இல்ல சார். ரியல் எஸ்டேட்டு."

"அப்ப வாய மூடிக்கினு ஓட்டுய்யா."

இன்ஸ்பெக்டர் ராஜாக்கண்ணு கெட்டவர் அல்ல. மலைக்காரன் செத்தால் ஒரு வரியில் எழுதிக் கட்டி வைக்கிற பழக்கம் அவருக்குப் பிடிக்காது. போளூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மலையிலிருந்து வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அடுத்த மாதம் டி.எஸ்.பி. பிரமோஷன். அதற்குள் பெயர் சொல்கிற மாதிரி ஒரு கேஸ் கிடைத்தால் நல்லது என்றும் நினைத்தார். அதில் தப்பில்லை.

வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"கை இன்னா ஆச்சு சார்?"

"அத்த ஏன் கேக்கற? பொங்கலுக்கு அந்த ரோடு காண்ட்ராக்டர் ஒரு டப்பா குடுத்தான்ல. பிரிச்சுப் பாத்தா கேம் ஆடற கண்ணாடி. இன்னிக்கு லீவுதானேன்னு காலைல மாட்டிக்கினேன்..."

"அதான் பக்கத்து வூட்டம்மா எனக்கு போன் பண்ணாங்க. ஐயா ரூமுக்குள்ள தனியா குதிக்கிறாரு, வேப்பிலை அடிக்கலாமான்னு."

ராஜாக்கண்ணு சிரித்துவிட்டார்.

"ஜாலியாதான்யா இருக்குது. மெஷின் உருவத்தத் தொரத்தித் தொரத்திச் சுடணும். ஓசி பாஸு, எல்லாத்தையும் ஃபுல்லா வெச்சுக்கோன்னு காட்டுச்சு. வெச்சேன். கடைசியா ஒன்னு மாட்டுச்சு பாரு... ஓடிக்கினே வந்துது, நடுவுல நின்னுச்சு. குனிஞ்சு கால தடவிக்கினு இருக்குது. மெஷினுக்கு முள்ளு குத்திடுச்சு போல. ஒரே போடு!"

சின்னராஜும் சிரித்தார்.

சாலை ஓரத்தில் பூவரசு மரத்தடியில் ஒரு பெண் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். தலைமுடி கலைந்து, கால் புழுதியாக. ஜீப்பைப் பார்த்ததும் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஏத்திக்கோ. செத்தவன் பொண்டாட்டியா இருக்கும்" என்றார் ராஜாக்கண்ணு.

திரௌபதிதான். ஏறி உட்கார்ந்தவள் வழி முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"நேத்துகூட புளியமரம் ஏறி உலுக்குனாரு சார். அவருக்கு எப்டி சார் நெஞ்சு வலி வரும்?"

*

கோடவுன் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. திரௌபதி அதில் ஒரு ஜோடியை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். வார் அறுந்து, ஒயர் போட்டுத் தைத்த செருப்பு.

உள்ளே வெள்ளைச் சட்டையில் ஜீவானந்தம் நின்றிருந்தார். நியான் சிட்டியின் முதலாளி. போலீஸைப் பார்த்தும் வியர்க்காத மனிதர்.

"வாங்க சார். ஜில்லுன்னு எதாச்சும்?"

"பொணத்தக் காட்டுங்க."

வீரன் ரப்பர் தரையில் கிடந்தான். ராஜாக்கண்ணு குனிந்து ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார்.

இடது மார்பில் வட்டமாகத் தோல் கருகியிருந்தது.

"இதுதான் உங்க ஹார்ட் அட்டாக்கா?"

"ஒயர் சூடு சார். சில பேருக்கு ஒத்துக்காது."

"நான் உங்கள கேக்கல." நதியாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ஷாக் எவ்ளோ வரும்?"

நதியா முதலாளியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நாலு வரைக்கும்தான் சார் இங்க வைப்போம். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"இன்னிக்கு?"

"பத்து."

"யாரு வெச்சது? நீயா?"

"ஐயோ, இல்ல சார். டைமண்ட் பாஸ்னு ஒன்னு இருக்குது. அத்த வெச்சுருந்தா, ஆடறவங்களே அவங்க பக்கத்துலருந்து ஏத்திக்கலாம். நான் கொறைக்கப் பாத்தேன் சார். பட்டன் வேலை செய்யல."

"அப்ப சுட்டவன் தெரிஞ்சுதான் ஏத்தியிருக்கான்."

ஜீவானந்தம் தொண்டையைக் கனைத்தார்.

"கஸ்டமர் விவரமெல்லாம் ரகசியம் சார். அமெரிக்காவா இருக்கும், அரபு நாடா இருக்கும்... எங்க போய்த் தேடுவீங்க? இவரு புள்ளைங்க படிப்ப நான் பாத்துக்கறேன். வேணும்னா இந்தம்மாவுக்கே வேலை போட்டுத் தர்றேன். அவரு ஜாக்கெட்டு சும்மாதானே கெடக்குது?"

ராஜாக்கண்ணு மேஜையில் ஓங்கி அறைந்தார். கம்ப்யூட்டர் திரை ஆடியது.

"யோவ்! ஒரு ஆளக் கருக்கிப் போட்டுட்டு, அந்த ஜாக்கெட்டயே பொண்டாட்டிக்கு மாட்டப் பாக்கறியா? எவனா இருந்தாலும் சரி, எந்த நாடா இருந்தாலும் சரி. அவன் பேரு எனக்கு வேணும்."

திரௌபதியைப் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"சுட்டவன ஒம்முன்னால கொண்டாந்து நிறுத்தறேன்மா. இது என் வாக்கு."

அவள் முதல் முறையாக அழுதாள்.

அந்த வாக்கை அவர் மனதாரத்தான் கொடுத்தார். பிறகு நடந்ததையெல்லாம் படிக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நதியா, எப்டி செத்தாருன்னு வரிசையா சொல்லு."

"இவங்க கண்ணாடிக்குள்ள தெரியற ஊர்ல ஒரு கோயில் இருக்குது சார். பெரிய பெரிய கண்ணாடி பில்டிங்குக்கு நடுவுல, அழகுக்காகக் கட்டி வெச்சுருக்காங்க. அதுக்குள்ள பூந்துட்டா யாரும் சுட முடியாது. பொழைச்சுக்கலாம். இவரு நல்லா ஓடுவாரு சார். கோயில் வாசல் வரைக்கும் வந்துடுவாரு..."

"அப்புறம்?"

"வாசல்ல நின்னுடுவாரு. தெனமும் இதே கதை. நிக்காதீங்கண்ணா, உள்ள ஓடுங்கண்ணான்னு மைக்ல கத்துவேன். கேக்க மாட்டாரு. நின்னு, குனிவாரு. அதுக்குள்ள சுட்டுடுவாங்க. ஏன் குனியறாருன்னு எனக்குத் தெரியல சார்."

"எனக்குத் தெரியும்" என்றாள் திரௌபதி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"செருப்பக் கழட்டுவாரு சார். எங்க நாட்டுல சாமி வூட்டுக்குச் செருப்போட யாரும் போவ மாட்டோம். புலியே தொரத்தினாலும் கழட்டிட்டுத்தான் போவோம்." கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். "இத்த வெளிய வுட்டுட்டுத்தான் உள்ள வந்துருக்காரு. கால்ல ஒன்னும் இல்ல. ஆனா ஓடற அவசரத்துல அது அவருக்கு எப்டித் தெரியும்? கண்ணத்தான் கட்டிட்டீங்களே."

ராஜாக்கண்ணுவுக்கு ஜீப்பில் தான் சொன்னதே காதில் கேட்டது.

ஓடிக்கினே வந்துது, நடுவுல நின்னுச்சு...

குனிஞ்சு கால தடவிக்கினு இருக்குது...

வலது தோள் சட்டென்று வலித்தது. ஏசி குளிரிலும் முதுகில் வியர்வை இறங்கியது. பக்கத்தில் நின்ற சின்னராஜ் திடீரென்று சீலிங்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எல்லாரும்... கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் ராஜாக்கண்ணு. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

*

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவரும், நகராமல் நின்ற ஜீவானந்தமுமாக இரண்டு பேர். வீரனைச் சேர்த்தால் மூன்று.

"என் வூட்ல இருக்கறது மெஷின் கேமு" என்றார் ராஜாக்கண்ணு. "அட்டையில அப்டித்தான் போட்டிருந்துது. பயப்படத் தெரிஞ்ச புது மெஷின்னு."

"எல்லாருக்கும் அப்டிச் சொல்லித்தான் சார் விக்கிறோம்."

"ஏன்யா? நெசமாவே மெஷின வெச்சுத் தொலைய வேண்டியதுதானே?"

"வெச்சுப் பாத்தோம். கட்டுப்படி ஆவல. மெஷினவிட மலைக்காரன் சீப் சார்."

எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார். கேட்ட ராஜாக்கண்ணுதான் வீரன் கிடந்த பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"அந்த ரோடு காண்ட்ராக்டர்..."

"என் மச்சான் சார். ஸ்டேஷனுக்கு ஒரு டைமண்ட் பாஸ் போவணும்னு நாந்தான் சொன்னேன். ஆபீசருங்க மேல எப்பவும் ஒரு மரியாதை."

ஜீவானந்தம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். ஆடியவர் பெயர் இருந்த இடத்தில் 'ராஜா போளூர்' என்று மின்னியது. காலையில் ராஜாக்கண்ணுவே ஆசையாக வைத்துக்கொண்ட பெயர்.

"எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான் சார். நான் இன்னா தெரியும்னா சொன்னேன்? ஆனா கீழ பாருங்க."

கீழே பார்த்தார்.

ஐந்து ஸ்டார். பக்கத்தில் ராஜாக்கண்ணு தன் விரலால் தட்டிய விமர்சனம்.

'சாகும்போது கண்ணில் பயம் அப்படியே தத்ரூபம். சூப்பர்.'

ராஜாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால்? இந்த ஆள் உள்ளே போவான். கோடவுனுக்குப் பூட்டு விழும். தெரியாமல் செய்தவருக்குச் சட்டத்தில் பெரிய தண்டனைகூட இருக்காது. ஆனால் லஞ்சமாக வந்த பாஸ்... அந்த ஐந்து ஸ்டார்... டி.வி.யில் அந்த ஒற்றை வரி. பிரமோஷன் லிஸ்ட்டில் ஒரு பெயர் குறையும்.

ஒரு நிமிடம் நல்லவராக இருந்து பார்த்தார். அவரால் முடியவில்லை.

"இத்த அழிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"பட்டனத் தட்டினா முடிஞ்சுது சார்" என்றார் ஜீவானந்தம். ஆனால் தட்டவில்லை. அது தன்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தார். டி.எஸ்.பி. ஒருவர் கையில் இருப்பது தொழிலுக்கு நல்லது.

*

வெளியே புளியமரத்தடியில் திரௌபதி நின்றிருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

ராஜாக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"யாரும் இல்லம்மா. நெஞ்சு வலிதான்."

"நெஞ்சு கருகிக் கெடக்குதே சார்?"

"ஒயர் சூடு. சில பேருக்கு ஒத்துக்காது."

அவள் செருப்பை மார்போடு இறுக்கிக்கொண்டாள். நதியா அவள் தோளைப் பிடிக்க வந்தாள். அந்தக் கையை விலக்கினாள்.

"எம்முன்னால கொண்டாந்து நிறுத்தறேன்னு சொன்னீங்களே சார்..."

ராஜாக்கண்ணு தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். சொன்ன வாக்கை அவர் காப்பாற்றித்தான் இருந்தார். அது அவளுக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே பெல் அடித்தது. சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. மற்றவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மறுபடியும் சாக உள்ளே போனார்கள்.

ஜீப்பில் சின்னராஜ் பேனாவும் கையுமாகத் தயாராக இருந்தார்.

"இன்னா எழுதட்டும் சார்?"

"ஹார்ட் அட்டாக்னு எழுது."

சின்னராஜ் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் மொதல்லயே சொன்னேன். நீங்கதான் சார் வெளையாட்டா எடுத்துக்கினீங்க."