குறி போடாத சட்டை

"கண்ணு என்ன முதுகுலயா இருக்குது? ஆளு வர்றது தெரியல?"

கேட்டவள் தீர்த்தம்மாள். கேட்கப்பட்டவன் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் தோளில் ஒரு பாவாடை, நெஞ்சில் நாலு குழந்தைத் துணி, மீதி மூட்டை அத்தனையும் காலடிச் சேற்றில்!

உண்மையைச் சொன்னால், துணி காயப்போடும் கொட்டகையிலிருந்து வெக்கை தாங்காமல் மூட்டையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தவள் அவள்தான். மோதியதும் அவள்தான்.

"தப்புத்தானுங்க," என்றான் அவன். "நான் சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே நிக்கறதையும் பாத்து நிக்கறேன்."

வேறு நாளாயிருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று வரவில்லை. மழையில் மண்டியிட்டுத் துணிகளைப் பொறுக்கினாள். அவனும் குனிந்தான். கரி அப்பிய முகம், கரி அப்பிய காக்கிச் சட்டை... அதற்கு நடுவில் இரண்டு கண்கள் மட்டும் கழுவி வைத்ததுபோல. அடேயப்பா, என்ன கண்ணு இது! சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைப் பார்க்கிற நேரமா இது?

அரூரில் அந்த ஐப்பசியில் இருபது நாளாக வெயில் முகமே காட்டவில்லை. பாவி மழை! மரக் காண்ட்ராக்டர் வீட்டிலோ மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு நாற்பது துணி. அந்த வீட்டுக்குத் துணி வெளுப்பவர் தீர்த்தம்மாளின் அப்பா பச்சியப்பன். அவர் ஏரித்தண்ணீரில் நின்று நின்று நெஞ்சுச்சளி கட்டிப் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. வேலை முழுவதும் இவள் தலையில். காண்ட்ராக்டர் தோட்டத்து மூலையில் இருந்த குடிசைதான் அப்பனுக்கும் மகளுக்கும் வீடு. வேலை போனால் குடிசையும் போகும்.

மழைக்காலத்துக்கென்று காண்ட்ராக்டர் பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான் ஏலத்தில் வாங்கிப் போட்டதுதான் அந்தக் கணப்பு பீரோ. ஆள் உயரத் தகரப் பெட்டி. அடியில் கரி போட ஒரு தட்டு, பின்னால் புகை போக ஒரு குழாய், உள்ளே துணி தொங்கவிடக் கம்பிகள். முதல் வாரம் நன்றாகத்தான் காய்ந்தது. அப்புறம் என்ன கேடு வந்ததோ... எவ்வளவு கரி போட்டாலும் துணி வெந்நீரில் நனைத்ததுபோல வெளியே வந்தது.

ஈரத்துணியில் பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டது. காலையில்தான் வீட்டம்மா காவேரியம்மாள் வந்து கத்திவிட்டுப் போனார். "நாளைக்குக் காலைல துணி மொடமொடன்னு வரலேன்னா சேலத்துல இருந்து வேற ஆளைக் கூட்டியாருவேன். குடிசையக் காலி பண்ணிக்கங்க!"

குடிசைக்குள் படுத்திருந்த பச்சியப்பனுக்கு அது அப்படியே கேட்டது. "இனி நான் என்னம்மா பண்ணுவேன்? இண்டூர் அத்தை இங்க சந்தைக்கு வந்திருக்காளாம், சொல்லி அனுப்பறேன். அவ மகனுக்கே உன்னைக் கட்டிக் குடுத்துடறேன். கூரையாவது இருக்கும்," என்றார். அத்தை மகனுக்கு நாற்பது வயது. பெண்சாதி செத்துப்போய் மூன்று பிள்ளைகள். அந்தப் பீரோ சரியானால்தான் அவளுக்கு வாழ்வு. ஒரு தகரப் பெட்டியிடம் போய் மாட்டிக்கொண்ட வாழ்வு!

"நான் சென்றாயனுங்க. கரி பஸ்ஸுக்கு மேஸ்திரி," என்றான் வந்தவன். "வண்டி ரிப்பேர்ல நிக்குது. காண்ட்ராக்டர் அய்யா இந்தப் பெட்டியப் பாக்கச் சொன்னாரு."

உலக யுத்தம் நடந்த சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்கள் எல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. கரியும் காற்றும் குழாயும்தான் அவன் பிழைப்பு.

கொட்டகைக்குள் போனான். கரித் தட்டை இழுத்துப் பார்த்தான். "தீ நல்லா இருக்குதுங்க." குழாய் வாயில் ஒரு சருகைக் காட்டினான், உள்ளே இழுத்துக்கொண்டது. "இழுப்பும் இருக்குது." கதவைச் சாத்தித் திறந்தான். "கதவும் நல்லாத்தான் சாத்துது. அப்புறம் என்னதான் நோவு இதுக்கு?"

"நோவு எனக்குத்தானுங்க," என்றாள் அவள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கேலி செய்யவில்லை. கம்பியிலிருந்து ஒரு துணியை எடுத்தான்... எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினான்.

தீர்த்தம்மாளின் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார்.

அதற்குள் அவன் பீரோவின் உள்கூரையைத் தடவிவிட்டுக் கையை நீட்டினான். உள்ளங்கையில் தண்ணீர் சொட்டியது. "பாருங்க, வெளிய பெய்யற மழை பத்தாதுன்னு உள்ளயும் பெய்யுது. ஈரம் ஆவியாகி மேல போகுது. போக வழியில்லாம திரும்பத் துணி மேலயே விழுது. மேல ஓட்டை இருக்கணுமே..."

முக்காலியில் ஏறினான். தகரத்தின் உச்சியில் வரிசையாக எட்டு ஓட்டைகள். எட்டும் களிமண்ணால் மெழுகி அடைக்கப்பட்டிருந்தன. மண்மேல் நாலு விரல் தடம், பளிச்சென்று.

அவள் விரல்கள்தான்! 'சூடு வீணா வெளிய போகுதே' என்று அடுப்புக்குச் சந்து அடைப்பதுபோல அடைத்தவள் அவளேதான். இரண்டு வாரமாகத் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மேஸ்திரி, என்ன கோளாறு?" வாசலில் காவேரியம்மாள்.

சென்றாயனின் அகலமான உள்ளங்கை அந்த விரல் தடத்தின்மேல் போய் உட்கார்ந்தது. "குளவிங்க அம்மா! மண்ணை வெச்சு ஓட்டையெல்லாம் அடைச்சுப்புடுச்சு." சொல்லிக்கொண்டே திருப்புளியால் எட்டையும் சுரண்டித் தள்ளினான்.

"குளவியா? சரி, உன் சட்டையையே தீர்த்தம்மாகிட்டக் குடுத்துத் தொவைச்சு உள்ள போடச் சொல்லு. அது காயட்டும், அப்புறம் நம்பறேன்." காவேரியம்மாள் போய்விட்டார்.

அவன் அங்கேயே கிடந்த சாக்கைத் தோளில் போர்த்துக்கொண்டு சட்டையைக் கழற்றி நீட்டினான். "என் சட்டைக்கு என்ன குறி போடுவீங்க?"

வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. அழியாத கறை பிடிக்கும் சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தோய்த்துக் கழுத்துப்பட்டியின் உள்பக்கம் வைப்பார்கள். காண்ட்ராக்டர் வீட்டுக்கு மூன்று புள்ளி, போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்கு ஒரு பெருக்கல். வெளுக்கிறவர்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. தன் வீட்டுத் துணி தனக்குத் தெரியாதா என்ன?

அவள் அவன் கேலிக்கு மசியவில்லை. "கையால தொட்டுப் பாக்காம எதுக்குக் கன்னத்துல வெச்சீங்க?"

"சும்மாதான்..."

"சும்மா இல்ல. எந்நேரமும் தண்ணியிலயே கெடக்கற கைக்கு ஈரம் தெரியாதுன்னு எங்க ஆளுங்களுக்குத்தான் தெரியும். நீங்க யாரு?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "காரிமங்கலம் ஏரித்துறை. எங்கப்பாவும் இந்தத் தொழில்தான்," என்றான் மெதுவாக. "பதினாலு வயசுல மேட்டூர் அணைக்கட்டு வேலைக்கு ஓடுனேன். என்ன சனம்னு கேட்டாங்க. வேற ஒண்ணைச் சொன்னேன். பதிமூணு வருசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும்..."

"வெக்கமா இருந்துச்சாக்கும்!" அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா இந்தத் தண்ணியில நின்னுதான் இருமிச் சாகறாரு. அவரு ஒரு நாளும் இல்லேன்னு சொன்னதில்ல. எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டனா? உங்களுக்குப் பொய் பழக்கம், சொல்லிட்டீங்க."

"உங்களுக்கு நல்லது செஞ்சேன்னு நெனச்சேன். தப்புத்தான்," என்று சொல்லிவிட்டுச் சாக்கோடு மழையில் இறங்கி நடந்தான்.

அவன் போன பிறகுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த வாய் இருக்கிறதே, இந்த வாய்...

சட்டையைத் துவைத்துப் பீரோவில் போட்டாள். ஓட்டைகள் வழியாக ஆவி புசுபுசுவென்று வெளியேறியது. பொழுது சாய்வதற்குள் சட்டை மொடமொடவென்று காய்ந்துவிட்டது. காவேரியம்மாள் தடவிப் பார்த்து, "போ, நீயே இரு," என்றார். கடவுளே! தீர்த்தம்மாள் குடிசைக்கு ஓடினாள், அப்பாவிடம் சொல்ல.

குடிசை வாசலில் இண்டூர் அத்தை உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அப்பாவின் தலைமாட்டில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள்.

"வா மருமவளே! தை மாசம் வெச்சுக்கலாம்னு அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு."

"அப்பா... பீரோ சரியாயிடுச்சுப்பா. வேலை போகலப்பா!"

பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அரை நாழி முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா? வெத்தலய வாங்கிட்டனே..."

அவ்வளவுதான். அரை நாழிகை! அவள் கொட்டகைக்குத் திரும்பிவந்து, அந்தப் பீரோவின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அம்மா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. சூடு ஆறாத சட்டை கையில் இருந்தது. சேங்கொட்டையும் ஊசியும் பக்கத்தில் இருந்தன. ஊசியைத் தோய்த்தாள்... கழுத்துப்பட்டியைத் திருப்பினாள்... கை வரவில்லை. பிறத்தியார் வீட்டுத் துணிக்கல்லவா குறி வேண்டும்? ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை. பஸ் ரிப்பேர் முடிந்து பாப்பிரெட்டிப்பட்டி வழியாகச் சேலத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. கரி பஸ் நினைத்தவுடனே கிளம்பிவிடுமா? முக்கால் மணி நேரம் கரியடுப்பின் காற்று விசிறியைக் கையால் சுற்றித் தீ மூட்ட வேண்டும். சென்றாயன் கிழிந்த பனியனோடு விசிறியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பயணிகள் குடைக்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

இடுப்பில் அழுக்கு மூட்டையோடு வந்தவள் சட்டையை நீட்டினாள். "காஞ்சிருக்குதுங்க. பாத்துக்கங்க."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கினான். பழக்கதோஷத்தில் விரல் கழுத்துப்பட்டியைத் திருப்பியது. ஒரு பக்கம் பார்த்தான். மறுபக்கம் பார்த்தான். கை நின்றுவிட்டது.

"குறி... போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

இப்போது நிமிர்ந்தான். அந்தக் கண்கள்! நேற்று இரவு முழுவதும் அவளைத் தூங்கவிடாத கண்கள்.

"நேத்துப் பேசுனது தப்பு," என்றாள். "என்னைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னீங்க. தெரிஞ்சும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தை மாசம் என்னை இண்டூர்ல கட்டிக் குடுக்கறாங்க. வெத்தல மாத்தியாச்சு. இனி ஒண்ணும் ஆகாது. ஆனா, இந்தச் சட்டைக்கு ஊசி வெக்க எனக்கு மனசு வரலீங்க... அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சொன்னதும் திரும்பி நடக்கத்தான் பார்த்தாள். அதற்குள் ஒரு சத்தம்.

"யோவ் மேஸ்திரி!" டிரைவர் கிருஷ்ணப்பன் ஜன்னலில் தலையை நீட்டினார். "வண்ணாரப் புள்ளகிட்ட என்னய்யா பேச்சு? சட்டைய மாட்டிக்கிட்டு ஏறு!"

சென்றாயன் சட்டையை மாட்டிக்கொண்டான். நிதானமாக ஒவ்வொரு பித்தானாகப் போட்டான். பிறகு விசிறியின் கைப்பிடியைக் கழற்றி டிரைவரின் கையில் கொடுத்தான். தீர்த்தம்மாளின் இடுப்பிலிருந்த அழுக்கு மூட்டையை வாங்கி, பஸ் ஸ்டாண்டே பார்க்கத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"நானும் வண்ணார வூட்டுப் பையன்தாண்ணே!" என்றான் உரக்க. "காரிமங்கலம் ஏரித்துறை. பதிமூணு வருசமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். நாளைக்கு வேற மேஸ்திரியப் பாத்துக்குங்க."

குடைகளுக்குள் முணுமுணுப்பு சட்டென்று நின்றது. கிருஷ்ணப்பன் கையிலிருந்த கைப்பிடியையே வெறித்துப் பார்த்தார். யாரோ ஒருவர் காறித் துப்பினார். சென்றாயன் திரும்பவில்லை. மூட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா குடுத்த வாக்கு..." என்றாள் அவள்.

"அவரு கால்ல விழறேன். உங்க அத்தை கால்லயும் விழறேன். முடியாதுன்னு அடிச்சுத் தொரத்தினா நாளைக்கும் வருவேன்." அவன் மூட்டையைச் சரிசெய்துகொண்டான். "நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யணும்."

"என்னங்க?"

"இனிமே என் சட்டை எதுக்கும் குறி போட்டுடாதீங்க, தீர்த்தம்மா."