ரிட்டர்ன் போன தூக்குவாளி

குக்கர் என்றால் பெட்டியை ஆட்டும்போது விசில் உள்ளே கலகலவென்று உருள வேண்டும். இது உருளவில்லை. ஷீபா வாசற்படியில் நின்றபடியே இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. உத்திரமேரூரிலிருந்து பார்சல் கொண்டுவருகிற வினோத்குமார் அதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு ஏரிக்கரை மேலே ஏறிப் போய்விட்டிருந்தான்.

பிரித்தால் குக்கர் இல்லை. பழைய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று இருந்தது. அடி கறுத்து, பிடி தளர்ந்து, யாரோ வருஷக்கணக்கில் புழங்கிய பாத்திரம். மூடியில் பெயர் வெட்டியிருந்த இடத்தை மட்டும் அரம் போட்டு ராவியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் காய்ந்த பால் வாடை அடித்தது. அது பசும்பாலும் இல்லை, பாக்கெட் பாலும் இல்லை. ஏழு மாதமாகத் தன் ரவிக்கையில் தினமும் அடிக்கிற வாடை அவளுக்குத் தெரியாதா என்ன.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டும் என்பார்கள். பாதி விலைக்குக் குக்கர் என்று செல்போனில் பார்த்ததுமே ஷீபாவுக்கு அந்த மதி கொஞ்சம் விலகிவிட்டது உண்மைதான். ஆனால் ஏமாந்தோமே என்று மூலையில் உட்காருகிற ஜாதி இல்லை அவள். நடவுக் கூலியில் குறைத்தால் வரப்பிலேயே நின்று கேட்டு வாங்குகிறவள். நாலு பக்கமும் போட்டோ பிடித்து, ரிட்டர்ன் போட்டு, "எச்ச பாத்திரத்த எவன் அனுப்பனது" என்று கடைக்காரருக்கு ஒரு செய்தியும் தட்டிவிட்டாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு கரு கலைந்த பிறகு பிறந்த பிள்ளை பிரிஸ்கில்லா. வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பாஸ்டர் ஜெபம் பண்ணியதும், பிள்ளைக்கு முதல் சோறு. அந்த முதல் வாயைத் தன் கையால்தான் ஊட்டுவேன் என்று மாமியாரிடம் சண்டையே போட்டு வைத்திருந்தாள். ஊரில் அவளுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்தப் பிள்ளைதான்.

அவள் ஊர் சாலவாக்கத்தில் எந்த வீட்டுப் பாத்திரமும் வந்த வீட்டுக்கு வெறுமனே திரும்பாது. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு வெங்காயமாவது ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஷீபா யோசித்துச் செய்யவில்லை. அழுக்காகவா அனுப்புவது என்று தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவினாள், துடைத்தாள். பாப்பாவுக்கென்று கல் பொறுக்கிப் புடைத்து வைத்த அரிசி பக்கத்து முறத்தில் இருந்தது. கை தானாகப் போய் ஒரு பிடி அள்ளிப் போட்டு மூடியது. வினோத்குமார் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

எதிர்வீட்டுக் கல்பனா கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "அடிப்பாவி, ஏமாத்தனவனுக்கு அரிசி வேற குடுத்து அனுப்பிக்கிறியா. பாத்திரம் போய் வந்தா உறவாயிடும்டி. இனிமே அவங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு நீ போவணும்."

ஷீபாவும் சிரித்தாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். புருஷன் சாம்சன் இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டான். வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் எரிவதும் எரியாததுமாக முனகியது. ஏரியில் தவளைச் சத்தம், அறுத்த வயலிலிருந்து ஈர வைக்கோல் வாடை. வாசலைப் பெருக்கப் போனவள் படியில் பெட்டியைப் பார்த்தாள். ஸ்கூட்டி வந்த சத்தம் கேட்கவில்லை. மாற்றுப் பொருள் வந்துவிட்டது, பரவாயில்லையே என்று தூக்கினால் பெட்டியின் அடி சுட்டது. வெயிலில் வந்த சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

பிரித்தால் அதே தூக்குவாளி. மூடி இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

உள்ளே பருப்புச் சோறு. நெய்யும் சீரகமும் போட்டு, ஒரு பருக்கைகூட முழுசாக இல்லாமல், பல் முளைக்காத வாய்க்கென்றே மசித்த பக்குவம். அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ராவியிருந்த இடத்தில் இப்போது புதிதாக, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பிரிஸ்கில்லா. ஆர்டர் போட்டது ஷீபா என்ற பெயரில். பிள்ளை பெயரை அவள் எங்கேயும் தரவில்லை.

தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வினோத்குமாருக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கி உங்க ஊருக்கு லோடே இல்லக்கா. நான் மதியத்துலருந்து வூட்லதான் கீறேன்" என்றான் அவன். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

அவளுக்குப் பின்னால் நாக்கைச் சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது.

பாப்பா தூக்குவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் சோறு, கடைவாயில் சோறு. ஷீபா பாய்ந்து தூக்கி, வாயைத் துடைத்து, விரல் விட்டு வழித்துப் போட்டாள். பிறகு பிள்ளையின் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். இரண்டு கையும் சுத்தமாக இருந்தன. ஒரு பருக்கை ஒட்டவில்லை.

தூக்குவாளியை வெளியே வீசினாள். சோறு சாக்கடை ஓரம் கொட்டியது. எச்சிலைக்குச் சண்டை போடுகிற தெருநாய்கள் இரண்டும் வந்து மோந்து பார்த்துவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிப் போயின.

முதல் வாய் போய்விட்டது. அவள் காத்திருந்து, ஜெபித்து, சண்டை போட்டு வைத்திருந்த முதல் வாய். அன்று இரவு அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்கு அதிகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ணினார். பாப்பா வாய் திறக்கவில்லை. மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திங்கள், செவ்வாய், அதே கதை. அழவும் இல்லை, சோரவும் இல்லை. பால் கட்டிக்கொண்டு ஷீபாவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் ஞானசுந்தரி எடை போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"எடை நல்லா ஏறிக்கிதும்மா. வேளாவேளைக்கு ஊட்டற போலக்கீது. இதுக்குப் போய் பயந்துக்கினு வந்துகிற."

ஷீபா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் மூச்சில் சீரகம் மணத்தது.

பஸ்ஸில் வரும்போது செல்போன் அதிர்ந்தது. அவள் திட்டி அனுப்பிய செய்திக்குக் கீழே கடைக்காரரின் பதில் வந்திருந்தது.

"பாப்பா நல்லா சாப்பிடறாளா?"

பஸ் குலுங்கக் குலுங்கத் தட்டினாள். "என் புள்ளைக்கு நான் ஊட்டிக்குவேன். உன் பாத்திரத்த நீயே எடுத்துக்க."

உடனே பதில் வந்தது. "வெறும் பாத்திரமா அனுப்பாதீங்க."

கல்பனா இப்போது சிரிக்கவில்லை. "எதுனா ஒரு பிடி போட்டே அனுப்பிடுடி. எதுக்கு வம்பு."

"போட்டாத்தான் திரும்ப வருது" என்றாள் ஷீபா. "வெறும் பாத்திரமாவே போவட்டும். எனக்கு அந்த உறவே வேணாம்."

சாம்சனுக்குப் போன் போட்டால், "இன்னாமே, ஒரு தூக்குக்குப் போயி இவ்ளோ பேஜாரா" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. மறுபடி ரிட்டர்ன் போட்டதும் மறுநாள் மாலை வினோத்குமார் வந்தான். சாக்கடை ஓரம் கிடந்ததை எடுத்து வந்து, அவன் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, தூக்குவாளியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டி, மூடி, பெட்டியில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். ஸ்கூட்டி ஏரிக்கரை மேலேறி, சிவப்பு விளக்கு சிறுத்து, மறைந்தது. அவள் கதவைத் தாழ் போட்டாள்.

அதன் பிறகு வீடு நன்றாகவே இருந்தது. தூக்குவாளி போன இடம் தெரியவில்லை. போனில் செய்தியும் இல்லை. அன்று ராத்திரி ஷீபா முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, தன் வீட்டுக் குண்டானிலேயே அரிசியும் பருப்பும் குழைய வேகவிட்டாள். குக்கர் என்ன பெரிய குக்கர், அவள் அம்மா அவளுக்கு எதில் வடித்தாளாம். மத்தால் மசித்து, ஊதி ஆற வைத்து, பாப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வா கண்ணு. அம்மா கையால ஒரு வா வாங்கிக்க."

பாப்பா அவளைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஷீபா விரலில் சோற்றை எடுத்தாள்.

பாப்பாவின் முகம் மெதுவாக இடது பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. சுவரைப் பார்த்து வாய் திறந்தது.

மூடியது. மென்றது.

டியூப்லைட் முனகியது. தவளைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பால் வாடை. பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், யாரோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் புடவை மடிகிற சரசரப்பு.

பாப்பா விழுங்கினாள். மறுபடி வாய் திறந்தாள்.

ஓடச் சொன்னது உடம்பு. ஷீபா ஓடவில்லை. எங்கே ஓடுவது. எதற்கு ஓடுவது. இது அவள் வீடு, அவள் மடி, அவள் பிள்ளை. சோற்றுக் கையை உதறிவிட்டு, பிள்ளையின் வாய்க்கு முன்னால் இருந்த காற்றில் கையை நீட்டினாள்.

விரல்கள் தட்டுப்பட்டன.

சூடான விரல்கள். நெய் வழுக்கியது. பருக்கை ஒட்டியிருந்தது.

இறுகப் பிடித்தாள். எலும்பு தெரியப் பிடித்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் மட்டும் கை இருந்தது.

"என் புள்ளடி இது" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நான் பெத்தது. நான் ஊட்டுவேன். உன் கைய எடு."

அந்தக் கை இழுக்கவில்லை. திமிறவில்லை. சொன்னதைக் கேட்பது போலச் சும்மா இருந்தது. ஷீபா பிடியை விடாமல், மற்றக் கையால் சோற்றை எடுத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பாப்பா அவளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். திரும்பவும் அவளைப் பார்த்தாள். மெதுவாக, அம்மாவின் விரலை வாயில் வாங்கிக்கொண்டாள்.

வாங்கினாள். தன் பிள்ளை தன் கையால் வாங்கிவிட்டாள். ஷீபாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அவள் பிடித்திருந்தது ஒரு கையைத்தான். பாப்பாவின் கடைவாயில் ஒட்டியிருந்த பருக்கையை, பிள்ளைக்கு வலிக்காமல், இன்னொரு கை மெல்லத் துடைத்துவிட்டது.