மூடி பிரியாத பாட்டில்

ஆம்பூரைத் தாண்டி அந்த எண்ணெய் ஆலை வாசலில் சௌந்தர்யா இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தோல் வாடையிலேயே வளர்ந்த ஊர். அந்த வாடையே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் அளவுக்கு அங்கே காறல் எண்ணெய் நாறியது. ஆலைக்கு மேலே பறக்கும் காக்கை வடையாகப் பொரிந்து விழும் என்பார்கள். முழுப்பொய் இல்லை, ஒன்றிரண்டு விழுந்திருக்கும்.

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. சத்துவாச்சாரியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஆலை ஆலையாகப் போய்ப் புகையையும் கழிவுநீரையும் பிடித்துவர வேண்டும். முதலில் புகைபோக்கி ஏணி. ஏறி நின்றால் ஏலகிரி காலடியில் கிடந்தது. இறங்கி வந்தாள், முழங்கால் இரண்டும் மேலேயே தங்கிவிட்டன. இந்தத் தடவை ரிப்போர்ட் மோசமாக வந்தால் ஆலைக்காரர் வேறு கூடத்துக்குப் போய்விடுவார், முதலில் வேலை போவது உனக்குத்தான் என்று முதலாளி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மூர்த்தி, அவளைக் கண்டதும் போர் தண்ணீர் வால்வைத் திறக்கப் போனான். கழிவோடு நல்ல தண்ணீரைக் கலந்துவிடுகிற வழக்கம்தான். அவளும் வழக்கம்போல வானத்தைப் பார்த்தாள்.

குழாயில் கழிவு இளநீர் மாதிரி தெளிந்து வந்தது. எண்ணெய் பார்க்கிற பாட்டிலை அலசக்கூடாது. காய்ந்த கண்ணாடியில் ஒரே பிடி, உடனே மூடி. குனிந்தாள்.

"இதுவாம்மா தண்ணி?"

காதோரம். களைத்துப்போன ஆண்குரல்.

மூர்த்தி தூரத்தில் வால்வருகே நின்றிருந்தான்.

பிடித்து, மூடி, சீல் வைத்துவிட்டுத்தான் அது யார் குரல் என்று அவனிடம் கேட்டாள். அவன் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. தனக்கு முன்னால் இங்கே இருந்தவர் அந்தோணி என்றான். எண்ணெய்த் தொட்டியை வழிக்க இறங்கியவர், வாயு அடித்து உள்ளேயே போய்விட்டாராம்.

"அன்னிக்கும் ரிப்போர்ட் சுத்தமாத்தான் மேடம் இருந்துச்சு. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க."

கூடத்து மேசையில் எடுத்து வைத்தபோது பாட்டில் கறுத்திருந்தது. சீல் பிரியவில்லை. உள்ளே கெட்டியாக எண்ணெய். கண்ணாடியில் விரல் தடங்கள்.

துணியால் துடைத்தாள். போகவில்லை.

தடம் உள்பக்கம்.

கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தால் வேலை பிழைக்கும். கைகழுவும் தொட்டியருகே கொண்டுபோனாள். உள்ளிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து அவள் விரல்களோடு பொருந்தின. பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. நாள் முழுக்க நின்றவன் சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்தன.

அப்படியே பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டாள். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அவள் வேலையும் போனது.

ராணிப்பேட்டைப் பக்கம் வேறு கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாளே இன்னொரு எண்ணெய் ஆலை. அங்கிருந்தவரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வால்வைத் தேடிப் போனார். பழக்கதோஷம், அவள் கண் வானத்துக்குப் போனது.

கையிலிருந்த காய்ந்த பாட்டில் மெல்ல வழுவழுத்தது.

காதோரம் ஒரு பெருமூச்சு.

"இங்கியுமாம்மா?"