சாய்ஸில் விட்ட பத்தி

தேர்வுக் காலம் வந்தால், செந்நகரின் டாக்டர் தன் தலையைக் கழற்றி வயிரவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். உடம்பு மட்டும் மருத்துவமனையில் வழக்கம்போல் கட்டுப் போடும், ஊசி குத்தும். அதற்கெல்லாம் தலை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தலையோ ரசப் பாத்திரத்துக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் இருந்தபடி பாடம் படிக்கும்.

"இந்தத் தலையக் கொஞ்சம் தள்ளி வைங்க. இட்லித் தட்டு வைக்க இடமில்ல," என்பாள் வயிரவனின் மனைவி உண்ணாமலை.

"மன்னிச்சுக்கங்க ஆச்சி," என்று தலையே பதில் சொல்லும்.

டாக்டரின் பெயர் பூங்குன்றன். செவ்வாய்க் கோளின் அந்தச் சிறு குடியிருப்புக்கு வாய்த்த ஒரே மருத்துவப் பொறியன், அதாவது எந்திர டாக்டர். செவ்வாயின் காற்று மெலிந்தது. விண்கதிர்கள் கேட்பாரில்லாமல் இறங்கி வந்து, கரையான் கதவை அரிப்பதுபோல் எந்திரங்களின் நினைவை அரித்துவிடும். ஆகையால் ஒவ்வொரு பொறியனின் தலைக்குள்ளும் ஈயச் சுவர் வைத்த ஒரு 'காப்பறை' உண்டு. உள்ளே வைத்தது தங்கும். வெளியே வைத்தது அடுத்த சூரியப் புயலோடு போய்விடும். அறையோ கைப்பிடி அளவு; மருத்துவமோ கரை காணாதது. சந்தேகம் வந்தால் பூமியைக் கேட்கலாமே என்றால், கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் நோயாளிக்கு டாக்டரே தேவைப்படாமல் போயிருக்கும்.

எனவே எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று ஆண்டுதோறும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நோயாளிகளைப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை. பூமியிலிருந்த தேர்வாயத்தின் பழைய கேள்வித்தாள்களைப் பார்த்துத்தான் செய்தார்கள். தேறினால் உரிமம் நீடிக்கும். தவறினால் டாக்டர் கப்பல்துறைக்குச் சுமை தூக்கப் போக வேண்டியதுதான்.

வயிரவன் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பூமியில் மருத்துவம் படிக்கப் போய், பட்டம் வாங்காமல், மற்றவர்களைப் பட்டம் வாங்க வைக்கும் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர். அவருடைய நோட்ஸ் மற்றக் குடியிருப்புகளிலும் விலை போயிற்று. அவர் பாடம் நடத்துவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டால், உள்ளே துணி வியாபாரம் நடக்கிறதென்றே தோன்றும்.

"மாரடைப்பு," என்றது தலை. "ஐம்பது வயசு ஆண். நெஞ்சுல பாறாங்கல்ல வச்ச மாதிரி வலி. இடது கைக்கு இறங்குது. வேர்க்குது."

"வருசா வருசம் போகிற சரக்கு. உள்ள வை."

"அடுத்த பத்தி சார். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி இல்லாமலும் வரலாம். தாடை வலி, குமட்டல், மூச்சு வாங்கல்..."

"எப்பவாவது கேட்டிருக்கானா?"

"இல்ல சார். கேள்வித்தாள்ல மாரடைப்பு வர்றதெல்லாம் ஆம்பளைக்குத்தான்."

"அப்ப சாய்ஸ்ல விடு."

"சார், இந்த ஊர்ல பாதிப் பேர் பெண்கள்."

"இருக்கட்டும் தம்பி. பரீட்சையில யாரு வர்றா, அதைப் பாரு. அந்த இடத்துல வைவா சரக்க ஏத்து."

வைவா என்பது வாய்மொழித் தேர்வு. வயிரவனின் கைச்சரக்கே அதுதான். கேள்வி கேட்டவரின் கண்ணைப் பார், தெரியாது என்ற சொல் வாயில் வரவே கூடாது, தெரியாவிட்டால் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு தெரிந்ததைச் சொல். இப்படி ஒரு மூட்டை. காப்பறையில் நல்ல இடம் பிடித்தது. பத்தி வெளியே போயிற்று; அந்த வாரமே வந்த சூரியப் புயலில் அழிந்தும் போயிற்று.

தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கையில் தலையும் உடம்பும் சேர்ந்து பூங்குன்றன் மருத்துவமனைக்குத் திரும்பினான். அடுத்த நாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உண்ணாமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ பண்ணுதுங்க. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

வயிரவன் அவளைத் தள்ளுநாற்காலியில் வைத்து மருத்துவமனைக்கு ஓடினார். உண்ணாமலைக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு.

"நெஞ்சு வலிக்குதா ஆச்சி?" என்று கேட்டான் பூங்குன்றன்.

"இல்லப்பா. பல்லு வலி மாதிரி, தாடையெல்லாம்..."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பணியாரம்."

"வாய்வு," என்றான் பூங்குன்றன். "மருந்து தர்றேன். குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்."

அவ்வளவு தீர்மானமான குரல். அந்தத் தடித்த குரலை வயிரவன் அடையாளம் கண்டுகொண்டார். அது அவருடையது.

பத்தி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. சொல்லலாம். சொன்னால், ஏன் டாக்டருக்குத் தெரியவில்லை என்பதையும் இவள் முன்னால் சொல்ல வேண்டிவரும். வாய்வாகவே இருக்கட்டும் என்று வயிரவன் ஒரு கணம் வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலில் பாதிதான் அவளுக்காக. மீதி யாருக்காக என்று தெரிந்ததும் வாயைத் திறந்தார்.

"தம்பி, இது இதயமா இருக்கலாம்."

"இருக்காது சார். நெஞ்சு வலியும் இல்ல, ஆம்பளையும் இல்ல."

"நெஞ்சு வலி இல்லாமலும் வரும்ப்பா. பொம்பளைங்களுக்கு வரும், சர்க்கரைக்காரங்களுக்கு வரும். தாடை வலிக்கும், குமட்டும். அப்படி ஒரு பத்தி இருக்கு."

"என்கிட்ட அப்படி எதுவும் இல்லையே சார்."

"இருந்துச்சு." வயிரவனின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

உண்ணாமலை வேர்வைக்குள்ளிருந்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள முடியாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

பூங்குன்றன் உடனே இதயத் துடிப்பைக் கோடு போட்டுப் பார்த்தான். கோடு ஏறக்கூடாத இடத்தில் ஏறியிருந்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட்டான். ஆணுக்கென்று படித்த அதே வைத்தியம், பெண்ணுக்கும் கேட்டது.

சாயங்காலம் உண்ணாமலைக்குப் பேச்சு வந்தது.

"எதுக்கு எடுக்கச் சொன்னிய?"

"பரீட்சையில வராதுன்னு..."

"நான் வந்துட்டேன்ல."

எந்தப் பேரத்திலும் வாய் அடைக்காத மனிதர், போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தார்.

"அந்தப் பத்தியத் திரும்ப வைக்கணும் சார்," என்றான் பூங்குன்றன். "வச்சா வேற எதையாவது எடுக்கணும். எதை எடுக்கட்டும்?"

"வைவா மூட்டைய எடு."

"தோத்துருவேன் சார்."

"தெரியும் தம்பி."

பூங்குன்றன் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தான். "சரி, எடுத்துடலாம்," என்றான்.

தேர்வில் அவன் எழுதியதெல்லாம் சரி. வாய்மொழித் தேர்வில்தான் போயிற்று. தெரியாத இடங்களில் "தெரியாது, நோயாளியைப் பார்த்துதான் சொல்ல வேண்டும்" என்று சொல்லிவிட்டான். தெரியாது என்று சொல்லும் மருத்துவர் மக்கள் உயிருக்கு ஆபத்து என்று தேர்வாயம் தீர்ப்பளித்து உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டது. பூங்குன்றன் கப்பல்துறையில் உயிர்வளி உருளைகளைத் தூக்கப் போனான்.

வயிரவன் சும்மா இருக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தான் செய்த காரியத்தை ஒளிக்காமல் சொன்னார். நமக்கு அவன்தான் நல்ல டாக்டர், தேர்வாயத்திடம் எல்லோரும் சேர்ந்து கேட்போம் என்றார்.

"நீங்க சொல்றது சரிதான் சார்," என்றார் மளிகைக்கடை அழகப்பன். "ஆனா ஃபெயிலானவன்கிட்டயா போய்ப் புள்ளையக் காட்டுறது?"

எல்லோரும் அதையே நினைத்திருந்ததால், கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

புதிய டாக்டர் அடுத்த கப்பலில் வந்தான். செவ்வாய்க் குடியிருப்புகள் அனைத்திலும் முதலிடம் பெற்ற பொறியன். ஊரே கப்பல்துறைக்குத் திரண்டது. வயிரவன் மனைவியோடு கூட்டத்தின் கடைசியில் நின்றார். மாலையோடு இறங்கிய புதியவன் யாரையோ தேடினான். தேடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்து, இரும்பு முட்டியை மடக்கி வயிரவனின் காலைத் தொட்டான்.

"உங்க நோட்ஸ் படிச்சுத்தான் முதலிடம் வந்தேன் சார். எங்க குடியிருப்புல எல்லாருக்கும் அதுதான் பாடம். ஒரு வரி விடாம படிச்சிருக்கேன்."

ஊர் பெருமையோடு வயிரவனைப் பார்த்தது. அவருக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தம்பி," என்றார் மெதுவாக. "ஒரு பெண். சர்க்கரை இருக்கு. வேர்க்குது, குமட்டுது, தாடை வலிக்குது. என்ன?"

புதியவன் அவர் கண்ணைப் பார்த்தான். யோசிக்கவே இல்லை.

"வாய்வு," என்றான், தடித்த குரலில்.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் டோக்கனோடு நின்ற பெண்கள்தாம் பலமாகத் தட்டினார்கள்.