நரம்பு செல்லின் ஓரத்தில்...

மழைக்குப் பயந்து செல் மாதிரிகள் இருந்த பெட்டியை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தவள், நுண்ணோக்கி அறைக் கதவைத் தோளால் தள்ளினாள். அவளுடைய நாற்காலியில் யாரோ ஒருவன்!

"ஹலோ சார், இது என் நேரம்."

"ஒரே நிமிஷங்க..." திரும்பினான். திரையின் பச்சை வெளிச்சம் அவன் கண்களில் மிதந்தது. சண்டைக்கு வந்தவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்...

திரையில் ஒரு நரம்பு செல். பச்சையாய் மின்னிய புரதம் அதன் வயிற்றில் குவிந்து கிடந்தது.

"மாடியில ஒரு பொண்ணு இருக்காங்களாம். ஒரு நொதி, அதான் என்சைம், இந்தப் புரதத்துக்குக் கொழுப்பு வால் ஒட்டுது, அந்த வாலை வச்சுத்தான் இது செல்லோட ஓரத்துல போய் உட்கார்ந்து வேலை செய்யுதுன்னு சொல்லிட்டுத் திரியுறாங்க. ஓரத்துல ஒண்ணுமே இல்லையே! கூட்டத்துல போட்டு உடைக்கப் போறேன். பாவம்..."

"அந்தப் பாவம் நான்தான்."

அவன் முகம் போன போக்கு! அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாயம் உள்ளே போக செல்லை எதுல கழுவினீங்க?"

"சோப்புத் தண்ணியில. கொஞ்சம் அதிகமாவே. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"எண்ணெய்ப் பாத்திரத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டு எண்ணெயைக் காணோம்னா எப்படி சார்? செல்லோட உறையே கொழுப்பு. அதுல வாலைச் செருகித்தான் புரதம் நிக்குது. உறையைக் கரைச்சா ஓரத்துல இருந்தது அடிச்சுக்கிட்டுப் போகாதா? உயிரோட இருக்கிற செல்லைப் பாருங்க."

"எனக்கே கழுவச் சொல்லித் தர்றீங்களா? கொழுப்பு வால்ல மட்டும் இல்ல போல!"

தன் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டான். திமிர் பிடித்தவன்... ஆனால் அந்தக் கண்கள்?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுத்துப் பேசினால் ஆய்வகத் தலைவி அம்மா அவளுடைய ஆய்வை இழுத்து மூடிவிடுவார்.

அவன் எழுந்தான். திரையில், உயிருள்ள செல்! கிளைகளின் ஓரமெங்கும் பச்சைப் புள்ளிகள். நொதியைத் தடுக்கும் மருந்தை ஊற்றியதும் அவை ஒவ்வொன்றாய் ஓரத்தை விட்டு விலகின. மருந்தைக் கழுவி எடுத்ததும்... மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

"ஒரு நொதி வாலை ஒட்டுது. இன்னொண்ணு வெட்டுது. ரெண்டுக்கும் நடுவுலதான் புரதம் எங்க இருக்கணும், எப்ப வேலை செய்யணும்னு முடிவாகுது. இவங்க சொன்னது சரி. நான் கழுவினதுதான் தப்பு."

அரங்கம் கை தட்டியது. அவளுக்கோ தன் நொதியைவிட, தலை நிமிர்ந்து நின்ற அவனைப் பார்த்துத்தான் நெஞ்சு நிறைந்தது.

வாசலில் மழை. பக்கத்தில் அவன்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே..." என்றாள்.

"தனியா சொல்ல வேற ஒண்ணு இருக்கு." குரல் இறங்கியது. "தோத்துப் போனவனுக்கு வருத்தமா இருக்கணும்ல? எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னு யோசிச்சேன்... உங்களைப் பிடிச்சிருக்கு."

இமைகள் தாழ்ந்தன, தலை மட்டும் தாழவில்லை.

"ஒரு தடவை பார்த்து சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். சோதனைன்னா திரும்பத் திரும்பப் பார்க்கணும்."

"தினமும் வந்து பார்க்கிறேன்."

"வாங்க..." என்றாள். "தன் மேலதான் தப்புன்னு சபையில நின்னு சொன்னாரே ஒருத்தர், அவரை எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு."