பன்னிரண்டாவது கொடி

பதினோராவது கொடி நின்ற இடத்தில் ஒரு துளைதான் இருந்தது. காற்று சாய்த்திருந்தால் கொடியின் மூங்கில் கம்பு பனியைக் கிழித்துக்கொண்டு விழுந்திருக்கும். இது ஓரம் கலையாமல், நேராக, பதமாக உருவப்பட்டிருந்தது.

சயோகோ அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழிக்கு அடையாளமாக, மரங்கள் முடிகிற இடத்திலிருந்து நூறு தப்படிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிவப்புக் கொடிகளை அவளேதான் நட்டுக்கொண்டு ஏறினாள். நட்டவர்தான் இறங்கும்போது பிடுங்கிச் சேர்க்க வேண்டும், ஒன்றைக்கூட மலையில் விட்டு வரக் கூடாது, அடுத்தவர் கொடியைத் தொடவே கூடாது. பனிக்காலத்தில் அந்த மலையில் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த சட்டம் இது. அடுத்தவர் கொடியைப் பிடுங்குவதும் ஆளைக் கொல்வதும் ஒன்றுதான். பன்னிரண்டாவதை இப்போதுதான் மேலே பிடுங்கினாள், அது கையில் இருந்தது.

உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மேகம் இறங்கியதும் யோசிக்காமல் திரும்பிவிட்டாள். வீட்டில் மூன்று வயசுக் குழந்தை இருக்கிறது. "உச்சி எங்கயும் ஓடிடாது, நீ முழுசா வந்து சேரு" என்று கணவன் டெட்சுரோ சொல்லித்தான் அனுப்பினான். இப்போது வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மூக்கைச் சுற்றிய கம்பளி மூச்சு பட்டுப் பட்டு உறைந்து நனைந்த ஆட்டு வாடை அடிக்க, வலப்பக்கம் எங்கோ பனி விளிம்பும் அதற்குக் கீழே வெறும் பள்ளமும் இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருக்க, ஒரு அடி எடுத்து வைக்கவே அவளுக்குக் கால் வரவில்லை.

குனிந்து தடம் தேடினாள். ஏறி வந்த தடம் இருந்தது. பக்கத்திலேயே இறங்கிப் போன தடமும் இருந்தது. அதே பூட்ஸ், அதே இரும்பு முட்கள். கணுக்கால் முறிந்ததிலிருந்து அவள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். அதுவும் இழுத்து நடந்திருந்தது. நாலடிக்கு அப்பால் இரண்டு தடமும் வெள்ளையில் கரைந்திருந்தன.

அடிவாரச் சாவடிக்குப் போன் போட்டாள். ஏறுகிறவர்கள் அங்கே தாள் எழுதிக் கொடுக்க வேண்டும், இறங்கியதும் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குள் போடாவிட்டால் தேட ஆள் கிளம்பும். அந்த ஒன்றைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

"சாவடி. குமாகாய் பேசறேன்."

"குமாகாய்-சான், நான் சயோகோ. முகட்டுல மாட்டிக்கிட்டேன். என் கொடிய யாரோ பிடுங்கிட்டாங்க. சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

கிழவர் சிரித்தார். "உச்சியில யாரு டீ போட்டு வெச்சிருக்கான்னு காலையில கிண்டல் பண்ணேன்ல, அதுக்குப் பதிலடியா? இப்பத்தானே வந்து என் அடுப்புல கை காய்ஞ்சிட்டு, கையெழுத்தும் போட்டீங்க. முத்திரையே குத்திட்டேன்மா."

"அது நான் இல்ல."

முத்திரை விழுந்துவிட்டது. இனி நாலு மணிக்கு யாரும் வரமாட்டார்கள்.

"நீங்க இல்லாம வேற யாரு? உங்க பேர் எழுதின கொடிக் கட்டு, அதே நீலக் கோட்டு. நான்தான் கொடிய எண்ணிட்டுச் சொன்னேன், பதினொண்ணுதான் இருக்கு, ஒண்ணு குறையுதேன்னு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அட, மேலயே விட்டுட்டேன், போய் எடுத்துட்டு வந்துடறேன்னு சொன்னீங்க. வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" அவர் குரலில் சிரிப்பு இல்லை. "சரி, எடுத்தாச்சா?"

போன் செத்துவிட்டது.

கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். இதற்காகத்தான் அது திரும்பி வருகிறது. இதைக் கொடுத்துவிட்டால் போதும். குழந்தையிடம் போய்விடலாம். பனியில் குத்தி நட்டுவிட்டுப் பின்வாங்கினாள். பத்து தப்படி. இன்னும் இரண்டு. அதற்கு மேல் தரை எதுவென்று தெரியவில்லை.

கீழேயிருந்து சத்தம் வந்தது.

நறுக். பிறகு ஒரு இழுப்பு.

நறுக். இழுப்பு.

வெள்ளையில் முதலில் சிவப்பு தெரிந்தது. பிறகு நீலம். கொடிக்கு முன்னால் வந்து நின்றது.

எடுத்துக்கோ. தயவு செஞ்சு எடுத்துக்கோ.

அது கொடியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒதுங்கி, கடந்து வந்தது. கக்கத்தில் இருந்த கொடிக் கட்டைப் பனியில் பத்திரமாக இறக்கி வைத்தது. மூங்கிலை உருவுகிறவர்கள் செய்கிற மாதிரி கால்களை அகட்டி ஊன்றி நின்றது. பிறகு இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைப் பிடித்தது.