உள்வாங்கிய வயிறு

மூச்சை இழுக்கும்போது குழந்தையின் வயிறு மேலே எழாமல் உள்ளே போனது. பிறந்த அன்றே தாய் அதைப் பார்த்துவிட்டாள். முதல் பிள்ளை, இப்படித்தான் இருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"நுரையீரல் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் டாக்டர். "அதுக்குக் கீழ உதரவிதானம்னு ஒரு தசை. அதுதான் மூச்சை இழுக்கணும். உங்க பையனுக்கு அதுல பலமே இல்ல."

அன்றிலிருந்து இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விட்டது. இன்று மாலை தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். பிள்ளை தாங்கினால் வீடு. கணவன் அவசரக்குடுக்கை, தொட்டில்கூட வாங்கிவிட்டான். தாங்காவிட்டால் மறுபடி குழாய். அதற்கப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

குழாய் எடுத்த பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போடுவது அந்த வார்டின் வழக்கம். நர்ஸ் அவனைக் குப்புறப் படுக்க வைத்துப் போர்வையால் மூடினாள். ஸ்பிரிட் நெடியும் பால் வாசனையும் கலந்த அந்த அறையில், இத்தனை நாள் உஸ் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த இயந்திரம் அடங்கியதும், மூலையில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதும் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன.

"பாருங்க, முதுகு எவ்வளவு அழகா ஏறி இறங்குது! சமர்த்து!" என்றாள் நர்ஸ்.

தாய் குனிந்து போர்வையைப் பார்த்தாள். ஏறி இறங்குவது தன் நெஞ்சல்லவா? அதன்மேல் கிடக்கும் பிள்ளையும் சேர்ந்துதானே ஏறி இறங்கும்?

மூச்சை அடக்கிப் பார்த்தாள். போர்வை அசையவில்லை. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. பதறிப்போய் மூச்சை இழுத்தாள். உதட்டில் சிவப்பு திரும்பியது.

நர்ஸைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அந்த மூச்சு பேச்சில் போய்விடும். அவனுக்கு என்ன மிஞ்சும்? இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் காற்று குறைவாக வந்தது. யாரோ பாதி வழியில் வாங்கிக்கொள்வதுபோல.

குழந்தை கண்ணைத் திறந்தது.

"போதும்மா, நீங்க கொஞ்சம் தூங்குங்க. நான் பெட்ல போடறேன்," என்றாள் திரும்பி வந்த நர்ஸ்.

வேண்டாம். தூக்காதீங்க. குரல் வரவில்லை.

நர்ஸ் தூக்கினாள். அவள் கையில் குழந்தையின் வயிறு உப்பி எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது.

"பாத்தீங்களா! தானாவே இழுக்கிறான்!" என்றபடி நர்ஸ் திரும்பி நடந்தாள்.

படுத்திருந்த தாய் மூச்சை இழுத்தாள். வயிறு உள்ளே போனது. இன்னும் உள்ளே. காற்று வரவில்லை.

நர்ஸின் தோளுக்கு மேலே, சிவந்த உதடுகளோடு, குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.